கயிறு பிடித்திருக்கும் மனிதர்

1

ஊரில் யாராவது, "பிரான்சிலை என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டால், "அரசாங்க வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது பொய்யில்லை. எனக்குச் சம்பளம் தருவது நகரசபை. கேட்டவர் அதோடு விடாமல் எந்தக் கந்தோர், கதிரையில் இருந்து செய்கிற வேலையா என்று தொடர்ந்தால், அடுப்பில் ஏதோ கருகுவதுபோல எழும்பி, தொலைபேசியை என் கணவரிடம் கொடுத்துவிடுவேன்.

இப்போது ஒரு மாத லீவில் வந்து, மண்டைதீவில் அண்ணையின் வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதால் முழுவதையும் சொல்லலாம். நல்லபடியாக முடிந்த கதை என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் என்றாலே அழப்போகிறார்கள் என்று வாசிக்கிறவர்கள் ஆயத்தமாகிவிடுகிறார்கள். அந்த ஆயத்தம் இதற்குத் தேவையில்லை.

பிரான்சின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. எனக்கு நகரத்தின் அருங்காட்சியகத்தில் காவல் வேலை. காவல் என்றால் துவக்கோடு நிற்பதில்லை. கறுப்புக் காற்சட்டையும் பெயர் எழுதிய ஒரு பட்டியும் போட்டுக்கொண்டு, பார்க்க வருகிறவர்கள் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்வது. யாரும் இல்லாதபோது ஒரு கதிரையில் இருக்கலாம். ஆள் வந்தால் எழும்பிவிட வேண்டும். ஐந்து வருடமாகச் செய்கிறேன், ஒவ்வொரு வருடமும் புது ஒப்பந்தம் போட்டு. இந்த வருடத்தோடு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்குத் தந்த அறையின் நடுச்சுவரில் இருப்பது உடுப்பில்லாத ஓர் ஆணின் படம்.

2

அது எண்ணெய் வர்ண ஓவியம். பதினெட்டாம் நூற்றாண்டில், பிரான்சில் அரசர் இருந்த காலத்தில் கீறியது. கீறியவர் பெயர் தெரியாது. ஓவியம் படிக்கிறவர்கள் மனித உடம்பைக் கீறிப் பழக வேண்டும் என்பதற்காக ஓர் ஆளை உடுப்பில்லாமல் முன்னால் வைத்துக் கீறுவார்களாம். அப்படிப் பழகிய படம். ஒரு மரக்கட்டையின் மேல் பாதி இருந்தும் பாதி எழும்பியும் ஒரு மனிதர். வலதுகால் தளர்ந்து முன்னே நீண்டிருக்கும். இடது கை தலைக்கு மேலே உயர்ந்து, எங்கிருந்தோ தொங்குகிற ஒரு கயிற்றைப் பிடித்திருக்கும். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பதால் காதும் தாடையின் ஓரமும்தான் தெரியும். மடியில் ஒரு துணி விழுந்து கிடக்கும். பின்னால் முழுதும் மண்ணிறம்.

முதல்நாள் அந்த அறைக்குள் போனபோது என் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. கத்தோலிக்க வீட்டில் பிறந்தவளுக்கு உடுப்பில்லாத ஆண் உடம்பு என்றால் ஒன்றுதான் தெரியும். சிலுவை அடையாளம் போட்டு முடித்த பிறகுதான் ஆணியும் இல்லை, விலாவில் காயமும் இல்லை என்று கண்டேன். அதற்குப் பிறகு வெட்கம் வந்தது. ஒரு வாரம் மற்றச் சுவர்களில் இருந்த பழங்களையும் செத்த முயலையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பழகிவிட்டது. நாள் முழுக்க ஒருவரோடு ஒரே அறையில் இருந்தால் அவர் உடுத்திருக்கிறாரா இல்லையா என்பது மறந்துபோகும். உள்ளங்காலில் ஊத்தை இருப்பதைக் கண்டேன். முதுகில் விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு. வாட்டசாட்டமான ஆள்தான், ஆனால் பசி தெரிந்தவர். காலையில் அறையைத் திறக்கும்போது மனதுக்குள் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்வேன்.

போன மாரியில் ஓர் ஆசிரியை பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தா. இந்த ஆள் எதை இழுக்கிறார் என்று ஒரு பிள்ளை கேட்டது. ஆசிரியை சொன்ன பதில் எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

"இவர் எதையும் இழுக்கவில்லை. கையை மேலே தூக்கியபடி மணிக்கணக்கில் இருக்க யாராலும் முடியாது. அதனால் கயிற்றைக் கட்டிக் கொடுப்பார்கள். கயிறுதான் இவரைப் பிடித்திருக்கிறது. விட்டால் கை விழுந்துவிடும்."

நான் அதுவரை அவர் தோணி இழுக்கிறார் என்று நினைத்திருந்தேன். அந்த விளக்கத்தைக் கேட்டதும் என்னைப் பெற்ற ஐயாவின் நினைவு வந்து, கண் கலங்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகள் போன பிறகு எங்கள் மேற்பார்வையாளர் அந்த வழியால் வந்தார். நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார். மனதைத் தொட்டது என்று சொல்ல நினைத்தேன். "ஜே தூஷே" என்றேன்.

அவர் ஒருகணம் நின்றார். பிறகு சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத ஒரு சிரிப்போடு போய்விட்டார். "சா மா தூஷே" என்றால்தான் அது என்னைத் தொட்டது. "ஜே தூஷே" என்றால் நான் தொட்டேன்.

3

மூன்று மாதம் கழித்து அறைகளின் விளக்குகளை மாற்றினார்கள். பழைய விளக்குகள் நேர் மேலே இருந்தன. புதியவை பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் போடுகிறவை. அதே நேரத்தில், வேறொரு நகரத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு என் அறை மனிதரை இரவல் கேட்டிருந்தார்கள். அனுப்புவதற்கு முன் படத்தில் எங்கெங்கே என்னென்ன குறை இருக்கிறது என்று எழுதுவது வழக்கம். எழுத வந்தவர் படத்தின் கீழ் மூலையில், குதிக்காலுக்கு அருகே, ஒரு விரல் அடையாளம் இருக்கிறது என்று எழுதினார். போனமுறை எழுதிய அறிக்கையில் அப்படி ஒன்று இல்லை.

அறையில் நாள் முழுக்க இருப்பது யார்? தொட்டேன் என்று தன் வாயாலேயே சொன்னது யார்? மேற்பார்வையாளர் கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்கமாட்டார். கேட்டிருப்பார்கள், நினைவில் இருந்ததைச் சொல்லியிருப்பார்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பதிவுத் தபால் என்றாலே பயம். அகதி மனுவை நிராகரித்த கடிதம், வீட்டைவிட்டு எழும்பச் சொன்ன கடிதம் எல்லாம் அப்படித்தான் வந்தன. தபாற்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போன துண்டைக் கொண்டுபோய், கையெழுத்து வைத்துக் கடிதத்தை எடுத்து, தபாற்கந்தோர் வாசலில் நின்றே உடைத்தேன். விசாரணைக்கு வரவேண்டும், விரும்பினால் உதவிக்கு ஒருவரைக் கூட்டிவரலாம், ஒப்பந்தம் பற்றிய முடிவு அதன் பிறகு என்று எழுதியிருந்தது. நான் நாலுமுறை வாசித்தேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கடிதம் இன்னும் மோசமாகிக்கொண்டு போனது.

கணவர் வாசித்துவிட்டு, "நீர் தொட்டனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப ஏன் தொட்டனான் எண்டு சொன்னனீர்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. வாயிலை அப்பிடி வந்தது."

அவர் எழும்பிப் போனார். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தார். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போடுவது அருமை. அதனால் எனக்கு இன்னும் பயம் பிடித்தது.

ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அறையில் நிற்கும்போது கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். உண்மையில் தொட்டிருப்பேனோ, தூசு தட்டும்போது தவறிப் பட்டிருக்குமோ என்றுகூட ஒருநாள் யோசித்தேன். நான் தூசு தட்டுவதே இல்லை. அந்த வேலைக்கு வேறு ஆட்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை அண்ணையோடு கதைத்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில்தான் இருக்கிறார், இன்றைக்கும் தொழிலுக்குப் போகிறவர். என் குரலை வைத்தே ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். ஐந்து வருடமாக மறைத்த வேலையை அப்போதுதான் சொன்னேன். உடுப்பில்லாத படம் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.

"இதுக்கே இவ்வளவு நாளும் கந்தோர் எண்டு சொன்னனீ?" என்று அண்ணை கேட்டார். "சரி, அந்தாளை ஒருக்கா அனுப்பு பாப்பம்."

தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.  அந்தப் பக்கம் அலைச் சத்தமும் காற்றும் கேட்டன.

"இது ஐயா எல்லே" என்றார் அண்ணை.

இப்போது ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வெளிக்கிடுவதற்கு நாலு மாதத்துக்கு முன் ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது. கடலில் நாற்பது வருடம் தொழில் செய்தவர், கட்டிலில் இருந்து எழும்ப மற்றவர் கையைப் பிடிக்க மறுத்தார். அண்ணை வள்ளத்தில் இருந்த நைலோன் கயிற்றைக் கொண்டுவந்து, கட்டிலுக்கு நேர் மேலே கூரை வளை மரத்தில் கட்டிவிட்டார். காலையில் ஐயா இடது கையால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பாதி எழும்புவார். அங்கேயே களைத்துப்போய், கையை மேலே வைத்தபடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். நோகிற முகத்தை நாங்கள் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

நான் பயணம் வெளிக்கிட்ட விடியற்காலையும் அப்படித்தான் இருந்தார். வாசலில் என்னை ஏற்ற வந்த வான் நின்றது. "போட்டு வாறன் ஐயா" என்றேன். அவர் திரும்பவில்லை. இன்னொருமுறை சொன்னேன். அப்போதும் இல்லை. வான்காரர் ஹோர்ண் அடித்தார், நான் போய் ஏறிவிட்டேன்.

இரண்டாம் வருடம் ஐயா போய்விட்டார். எனக்கு அப்போது அங்கே விசா இல்லை, வரமுடியவில்லை. நான் போவது ஐயாவுக்குப் பிடிக்கவில்லை, கோபத்தில்தான் முகம் கொடுக்கவில்லை என்று இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆசிரியை, கயிறுதான் இவரைப் பிடித்திருக்கிறது, விட்டால் கை விழுந்துவிடும் என்று சொன்னபோதுதான் முதன்முதலாக வேறுமாதிரி யோசித்தேன். யோசித்தேனே தவிர யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஓம் கோபம்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அன்றைக்கு அண்ணையிடம் கேட்டேன். "அண்டைக்கு ஐயா ஏன் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை அண்ணை?"

"எப்பிடித் திரும்புறது? கயிறை விட்டா விழுந்திடுவார் எல்லோ" என்றார் அண்ணை. ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விசயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "நீ வெளிக்கிடுற நேரம் விழுந்து கிடந்தா நீ போகமாட்டாய் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவர். வான் போட்டுதோ, வான் போட்டுதோ எண்டு என்னைக் கேட்டவர். போட்டுது எண்டு சொன்னாப் பிறகுதான் கையை விட்டவர்."

"இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

நான் அழுதேன். அழுது முடிய நல்ல பசி வந்தது. முதல்நாள் புட்டு கிடந்தது. அதைச் சூடாக்கி, மீன்குழம்பு விட்டுச் சாப்பிட்டேன். வேலை போனால் போகட்டும் என்ற நிலைமைக்கு அப்போது வந்துவிட்டேன். ஆனால் போக விடவில்லை என் மகள்.

5

மகளின் பெயர் அனிற்றா. இருபது வயது. உடல் அசைவுக்கான சிகிச்சை, ஊரில் ஃபிசியோதெரப்பி என்கிறார்கள், அதைப் படிக்க இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இன்னொரு நகரத்துக்குப் போய்விட்டா. போன நாளில் இருந்து நாங்கள் தமிழில் கேட்பதும் அவ பிரெஞ்சில் பதில் சொல்வதுமாக எங்கள் கதை நடந்தது. பிறகு பதில்களும் சின்னதாகிக்கொண்டு போயின. ஓம் அம்மா, சரி அம்மா, பிறகு எடுக்கிறேன். இந்த வருடம் பாஸ்குப் பெருநாளுக்கும் வரவில்லை. பரீட்சை என்றா. இருக்கலாம்.

அவவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கணவர் எனக்குத் தெரியாமல் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"இது எப்ப வந்தது?" தமிழில் கேட்டா.

"போன கிழமை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? உதவிக்கு ஒரு ஆள் வரலாம் எண்டு எழுதிக் கிடக்கு. அந்த ஆள் நான்தானே. வேறை ஆரைக் கூட்டிக்கொண்டு போகப்போறீங்கள்?"

"உனக்குப் படிப்பு இருக்கு."

"ஒரு நாள் அம்மா. நான் வாறன். நான் வரும்வரைக்கும் நீங்கள் ஒருத்தரோடையும் பிரெஞ்சு கதைக்காதேங்கோ."

6

மேசையின் அந்தப் பக்கம் மூன்று பேர். அருங்காட்சியகத்தின் இயக்குநர் அம்மா, ஊழியர் பிரிவில் இருந்து வந்த ஒருத்தி, எங்கள் மேற்பார்வையாளர். அவர் என்னை நேரே பார்க்காமல் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நானும் அனிற்றாவும். என்னுடைய சட்டை ஒன்றைப் போட்டு, தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தா.

அவ பிரெஞ்சில் கதைத்தது எல்லாம் எனக்கு விளங்கியது. கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை.

"எங்கள் மொழியிலும் ஒரு பொருள் மனதைத் தொட்டது என்றுதான் சொல்வோம். உங்கள் மொழியிலும் அப்படித்தான். இந்த ஒரு விசயத்தில் இரண்டு மொழியும் ஒன்று. என் அம்மா, தொட்டது யார், தொடப்பட்டது யார் என்பதை மாற்றிச் சொல்லிவிட்டா. அவ்வளவுதான் நடந்தது."

என் மகளுக்கு மனதைத் தொட்டது என்ற தமிழ் தெரியும் என்பதே எனக்குப் புதினம்.

இயக்குநர் அம்மா என்னைப் பார்த்தா. "அப்படியானால் உங்களை எது தொட்டது, மதாம்?"

நான் வாயைத் திறந்தேன். அனிற்றா என் கையைப் பிடித்தா. "தமிழிலை சொல்லுங்கோ அம்மா. நான் சொல்லுறன்."

ஐயாவைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு வசனமாக நான் சொல்ல, அவ பிரெஞ்சில் சொன்னா. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதை நான் என் மகளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவ அறிந்த அம்மப்பா, சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் வெள்ளைச் சேட் போட்ட மீசைக்காரர் மட்டுந்தான். தன் அம்மப்பாவின் கதையை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டே அதை மூன்று அந்நியருக்கு அவ சொல்லிக்கொண்டிருந்தா.

கூரை வளையில் கயிறு கட்டியது என்று நான் சொன்ன இடத்தில் அவ நின்றுவிட்டா. வளை என்றால் என்னவென்று அவவுக்குத் தெரியாது. நான் என் தலைக்கு மேலே கையைத் தூக்கி, பிடிப்பதுபோலக் காட்டினேன். அவ அதைப் பார்த்ததும் சட்டென்று ஒரு சொல் சொன்னா. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே நோயாளி பிடித்து எழும்புவதற்குத் தொங்கவிடும் கைப்பிடியின் பெயர் அது. படிப்பில் அவ தினமும் பார்க்கிற சாமான். மேசையின் அந்தப் பக்கத்தில் மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது.

வான் வந்ததையும் ஐயா திரும்பாததையும் சொன்னேன். அண்ணை தொலைபேசியில் சொன்னதைச் சொன்னேன். அனிற்றாவின் பிரெஞ்சு மெதுவாகியது. "கையை விட்டவர்" என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. மேசையில் இருந்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, கடைசி வசனத்தைச் சொல்லி முடித்தா.

 மேற்பார்வையாளர் பேனையை வைத்துவிட்டு, "நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

இயக்குநர் அம்மா தன் கடதாசிகளை ஒன்றாக அடுக்கினா. "நான் உங்களை நம்புகிறேன், மதாம். ஆனால் அடையாளம் ஒன்று இருக்கிறது. அது என்னவென்று ஒரு நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை இந்தக் கோப்பை என்னால் மூட ஏலாது."

இரண்டு கிழமை என்றா. வெளியே வந்தோம். அனிற்றா பேருந்துத் தரிப்பிடம்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. பிறகு, "அம்மப்பா உயரமோ?" என்று கேட்டா. ஓம், உயரம் என்றேன். "நடந்தவரோ பிறகு?" இல்லை என்றேன். வலது கையா இடது கையா, எத்தனை நேரம் இருப்பார், ஒருவரும் பயிற்சி கொடுக்கவில்லையா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தா. அன்று பின்னேரம் போகவேண்டியவ, மறுநாள்தான் போனா.

7

பழைய படங்களைப் பழுதுபார்க்கும் நிபுணர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். செவ்வாயில் எங்களுக்குப் பூட்டு. இயக்குநர் அம்மா என்னையும் வரச்சொல்லியிருந்தா. வயதான, மெலிந்த மனிதர். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, கையில் சின்ன விளக்கு. அரைமணி நேரம் படத்தின் கீழ் மூலையோடு மல்லுக்கட்டினார். நான் வாசலில், சுவரோடு நின்றேன். கைகள் பைக்குள்.

பிறகு என்னைப் பார்த்து, கிட்ட வரச்சொன்னார். பயந்து பயந்து போனேன். தன் பூதக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார்.

குதிக்காலுக்கு அருகே, மண்ணிற வர்ணத்தில், ஒரு பெருவிரல். ரேகைகள் வயலில் உழுத சால்போலத் தெரிந்தன. விளக்கைச் சரித்துப் பிடித்துக் காட்டினார். பாதி ரேகைக்கு மேலே தூரிகையின் மயிர்க் கோடுகள் ஓடியிருந்தன.

"விரல் பட்ட பிறகுதான் தூரிகை ஓடியிருக்கிறது" என்றார். "வர்ணம் ஈரமாக இருந்தபோது பட்ட விரல். படத்தைக் கீறியவரோ, பக்கத்தில் நின்ற மாணவரோ, காய்வதற்கு முன் தூக்கிவைத்திருக்கிறார்கள். இருநூற்றைம்பது வருடமாவது இருக்கும். மேலேயிருந்து விழுகிற வெளிச்சத்தில் இது தெரியாது. உங்கள் புது விளக்குத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறது."

இயக்குநர் அம்மா ஒரு நீண்ட மூச்சு விட்டா. அவவும் இவ்வளவு நாளும் அதை உள்ளே வைத்திருந்தாவோ என்னவோ.  நான் கொஞ்சம் இருக்கலாமா என்று கேட்டேன். நிபுணர் ஓடிப்போய் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

கடிதம் இம்முறை சாதாரணத் தபாலில் வந்தது. குற்றம் ஒன்றுமில்லை, கோப்பு மூடப்பட்டது, நிரந்தர நியமனம் அடுத்த மாதம் முதல். கணவர் அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். நான் அன்று இரவு எட்டு மணிக்குப் படுத்து, அடுத்தநாள் அலாரம் அடிக்கும்வரை கண் திறக்கவில்லை. அனிற்றாவுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே எடுத்தா. தமிழிலேயே கேட்டா, "அப்ப லீவு தருவினமோ? மண்டைதீவுக்கு எப்ப போறம்?"

போறியள் என்றல்ல, போறம் என்று கேட்டா.

8

வந்து இரண்டு கிழமையாகிறது. அனிற்றா அண்ணையோடு கடற்கரைக்குப் போகிறா, வருகிறா. முதல் மூன்று நாள் வெயிலில் முகம் சிவந்து படுத்தா. இப்போது பரவாயில்லை. அண்ணையின் முழங்கால் நோவுக்கு என்னென்னவோ பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறா. அண்ணையும் கதிரையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று செய்கிறார். ஐயா படுத்த அறையில் இப்போது வலைகளும் ஓர் அலுமாரியும் இருக்கின்றன. வளையில் கயிறு இல்லை. அதை அண்ணை எப்போதோ அவிழ்த்து வள்ளத்துக்கு எடுத்துவிட்டாராம்.

போன ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். ரோசலின் மச்சாள், அண்ணையின் மனைவி, எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தா. வந்தவர்களில் திரேசம்மா அக்காவும் ஒருவர். எழுபத்தைந்து வயதாகிறது, அடுத்த வளவு, எனக்குச் சின்ன வயதில் தலை இழுத்துப் பின்னிவிட்டவ. அவ அனிற்றாவைப் பக்கத்தில் இருத்தி, "அம்மா அங்கை என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டா.

எனக்கு வழக்கம்போல அடுப்பு நினைவு வந்தது. நான் எழும்புவதற்குள் அனிற்றா தன் தமிழில் பதில் சொல்லிவிட்டா.

"அம்மா ஒரு உடுப்பில்லாத ஆம்பிளையைப் பாக்கிறா. ஒவ்வொரு நாளும். அரசாங்கம் சம்பளம் குடுக்குது."

விறாந்தையில் இருந்த அவ்வளவு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் தட்டத்தோடு நடுவில் நின்றா. அண்ணை கடற்பக்கம் திரும்பிவிட்டார், தோள் குலுங்கியது.

"ஆள் நல்ல வருத்தமோ?" என்று திரேசம்மா அக்கா மெதுவாகக் கேட்டா. நான் யாரோ நோயாளியைப் பராமரிக்கிறேன் என்று நினைத்துவிட்டா. அதைக் கேட்டதும் மச்சாள் தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. அவவைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அனிற்றா, தான் என்ன பிழை விட்டது என்று விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. நானும் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன்.

"பிள்ளை சொன்னது உண்மைதான் அக்கா" என்று சொல்லி, பக்கத்தில் போய் இருந்து தொலைபேசியில் படத்தை எடுத்துக் காட்டினேன். பழைய படம், மியூசியத்தில் இருக்கிறது, நான்தான் காவல் என்று சொன்னேன்.

திரேசம்மா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தா. மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரோ இளம்பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்காவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தா.

"கையை இறக்கச் சொல்லு பிள்ளை" என்றா. "எவ்வளவு நேரமெண்டு அப்பிடியே வச்சிருக்கிறது, நோகும்."

"ஓம் அக்கா" என்றேன். "போனவுடனை சொல்லுறன்."